மூளையை மீட்கப் போன மயக்க மருந்து டாக்டர்

1957-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனையில் நடந்த ஒரு சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஓர் இளம் மருத்துவர் தானாக முன்வந்து படுத்துக்கொள்கிறார். முதலில் தூக்கத்துக்கு மருந்து ஏற்றுகிறார்கள். அடுத்தது க்யூராரே. தென்னமெரிக்கக் காடுகளில் அம்பு முனையில் தடவப்பட்ட நஞ்சு அது. அளந்து கொடுத்தால் ஆபரேஷன் தியேட்டரில் தசைகளைத் தளர்த்தும் மருந்து. சில நிமிடங்களில் கை, கால், தாடை எல்லாம் தளர்ந்துவிடுகின்றன. கடைசியில் நெஞ்சும் அசையாமல் நிற்கிறது. இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் மயக்க மருந்து நிபுணர் டியூபோடு தயாராக நிற்கிறார். ஆனால் கை வைக்கவில்லை. மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர், தீயணைப்பு வீரரோ சாரணரோ, முன்னால் வருகிறார். படுத்திருப்பவரின் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊதுகிறார். நெஞ்சு எழுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறதா, ஏறுகிறதா என்று இன்னொரு பக்கம் அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஊதத் தெரிந்த சாதாரண மனிதர் ஒருவரால், மூச்சு நின்ற இன்னொருவரைக் காப்பாற்றி வைத்திருக்க முடிந்தது.

அந்த நிபுணர் பீட்டர் சஃபார். அப்போது அவருக்கு வயது 33. இன்று பள்ளிக்கூடம் வரை சொல்லித்தரப்படும் சி.பி.ஆர். முதலுதவிக்கு உருவம் கொடுத்தவர் என்றுதான் பாடப்புத்தகங்கள் அவரை அறிமுகப்படுத்தும். அது அவர் வாழ்க்கையின் முதல் பாதி. இரண்டாம் பாதியை அவர் மூளைக்குக் கொடுத்தார். அங்கே அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தோல்விகள். அந்தத் தோல்விகளைத்தான் இங்கே பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பாதி தெரியாமல் அவை விளங்காது என்பதால் அங்கிருந்து தொடங்குவோம்.

தியேட்டருக்குள் இருந்த ரகசியம்

சஃபார் 1924-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா கண் மருத்துவர், அம்மா குழந்தை மருத்துவர். ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனதும், அம்மாவின் யூத வம்சாவளி காரணமாகக் குடும்பம் நெருக்கடிக்கு உள்ளானது. ராணுவத்துக்கு அழைப்பு வந்தபோது, இருந்த தோல் நோயை வேண்டுமென்றே கிளப்பிவிட்டுத் தகுதியில்லாதவர் என்று பெயர் வாங்கித் தப்பித்தார் பீட்டர். போர் முடிந்து மருத்துவப் பட்டம் வாங்கி, 1949-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை கற்கப் போனார். பிறகு மனம் மயக்கவியலுக்குத் திரும்பியது. பென்சில்வேனியாவில் பயிற்சி, பெரு நாட்டின் லிமாவில் கொஞ்ச காலம், அதன்பின் பால்டிமோர்.

மயக்க மருந்து டாக்டரின் முகத்தை நம்மில் பெரும்பாலோர் சரியாகப் பார்த்ததே இல்லை. சர்ஜன் பெயரை ஆயுசுக்கும் மறக்காத குடும்பங்கள்கூட இவர் பெயரைக் கேட்டு வைத்திருக்காது. ஆனால் ஆபரேஷன் நேரத்தில் நோயாளியின் மூச்சு இவர் கையில். மயங்கியவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும் என்பதும், தலையைச் சாய்த்துத் தாடையை முன்னால் தூக்கினால் வழி திறந்துவிடும் என்பதும் இவர்களுக்குத் தினசரிப் பாடம். விரல்கள் தாமாகவே அந்த இடத்துக்குப் போய்விடும்.

விந்தை என்னவென்றால், தியேட்டருக்கு வெளியே இது யாருக்கும் உறைக்கவில்லை. தண்ணீரில் மூழ்கியவரைக் கரையேற்றினால் குப்புறப் போட்டு முதுகை அமுக்குவது, கைகளைப் பிடித்துத் தூக்கி இறக்குவது என்றுதான் பல பத்தாண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வந்தார்கள். சஃபார் அந்த முறைகளையும் தசை தளர்ந்த தொண்டர்களிடம் செய்து பார்த்தார். தொண்டை அடைத்துக் கிடக்க, நெஞ்சை எத்தனை அமுக்கினாலும் போதிய காற்று உள்ளே போகவில்லை. முதலுதவிப் புத்தகங்களில் படம் போட்டு விளக்கியிருந்ததெல்லாம் வீண் வேலை என்று எண்களே சொல்லின.

வாயால் ஊதும் எண்ணம் அவருடையது மட்டும் அல்ல. ஜேம்ஸ் ஈலம் என்ற இன்னொரு மயக்க மருந்து நிபுணர், 1946-ல் மினசோட்டாவில் போலியோ பரவியிருந்த சமயம், நீலம் பாரித்த ஒரு குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைத்தவர். நாம் வெளிவிடும் மூச்சில் 16 சதவீத அளவுக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது, அது இன்னொருவருக்குப் போதும் என்று பிறகு அளந்தும் காட்டினார். 1956-ல் கன்சாஸ் சிட்டியில் ஒரு மாநாடு முடிந்து இருவரும் ஒரே காரில் பால்டிமோர் திரும்பினார்கள். வழியெல்லாம் இதே பேச்சு. ஊர் வந்து சேர்ந்த சில வாரங்களில் சஃபார் சோதனையைத் தொடங்கிவிட்டார். முடிவுகள் 1958-ல் வெளியாயின.

1960-ல் அதே நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும், நெஞ்சைத் திறக்காமல் மேலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று காட்டினார்கள். இதில் கோவன்ஹோவன் டாக்டரே இல்லை, மின் பொறியாளர். அழுத்துவதையும் ஊதுவதையும் சஃபார் ஒன்றாக முடிச்சுப் போட்டார். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லார்டால், ஊதிப் பழக ஒரு பிளாஸ்டிக் பெண்ணைச் செய்து கொடுத்தார். நெஞ்சை அழுத்தியும் பழக வசதியாக உள்ளே ஸ்பிரிங் வையுங்கள் என்றார் சஃபார். உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் கிடக்கும் ‘ஆன்’ பொம்மை வந்த கதை இது.

பிள்ளைகளின் மூச்சு

தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே மயக்க மருந்துக்காரர்களின் குழந்தை என்று சொல்லலாம். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ வந்து மூச்சுத் திணறிய பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டு, கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்துக் காப்பாற்றிய பியோர்ன் இப்சன் ஒரு மயக்க மருந்து நிபுணர். அடுத்து மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து உட்கார்ந்து, இரவும் பகலும் நோயாளிகளுக்குப் பை அமுக்கினார்கள். 1955-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் குழந்தைகளுக்கென்று தனி ஐ.சி.யூ. தொடங்கிய ஹாக்லுண்ட், 1967-ல் ஃபிலடெல்பியாவில் தொடங்கிய ஜான் டவுன்ஸ் இருவருமே குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பவர்கள். சஃபார் 1958-ல் பால்டிமோரில், நாள் முழுக்க மருத்துவர் உடனிருக்கும் ஐ.சி.யூ.வை ஆரம்பித்தார். 1961-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபின், 1969-ல் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையிலும் ஒன்று வந்தது. அதை நடத்திய கேம்ப்ஷுல்டேயும் மயக்க மருந்து நிபுணர்தான்.

இவர்கள் ஏன் முன்னால் நின்றார்கள் என்பது ஒரு பச்சைக் குழந்தையின் தலைமாட்டில் நின்று பார்த்தால் தெரியும். பெரியவருக்குத் தலையை நன்றாகப் பின்னால் சாய்க்க வேண்டும். குழந்தைக்குப் பின்மண்டை பெரிது. மட்டமாகப் படுக்கவைத்தாலே கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் இடித்து, வழி அடைபடும். அதிகமாகச் சாய்த்தாலும் அடைபடும். அதனால் தோளுக்கடியில் ஒரு துணியை மடித்து வைத்து, முகம் கூரையைப் பார்க்கும்படி நேராக நிறுத்துவார்கள். வாய்க்குள் நாக்குக்கே பாதி இடம் போய்விடும். மூச்சுக்குழல் 4 மில்லிமீட்டர் விட்டம் என்றால், சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினாலே காற்றுப் போகும் பரப்பில் முக்கால் பங்கு காணாமல் போகும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கும் உடம்பு அது. மூச்சு நின்றால் மானிட்டரில் ஆக்சிஜன் எண் சரசரவென்று இறங்கும். யோசித்துக்கொண்டு நிற்க நேரம் கிடையாது.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நிற்கும், மூச்சு பின்னால் போகும். பிள்ளைகளுக்கு அப்படியே தலைகீழ். தண்ணீரில் மூழ்குவது, தொண்டையில் ஏதாவது சிக்குவது, கடுமையான வீசிங் என்று மூச்சுதான் முதலில் தடைபடும். இதயம் கடைசி வரை தாக்குப்பிடித்து, ஆக்சிஜன் தீர்ந்த பிறகே ஓயும். அதற்குள் மூளை பட்டினி கிடந்து முடித்திருக்கும்.

1966

சஃபாரின் மகள் எலிசபெத்துக்கு ஆஸ்துமா. 1966-ல் பெற்றோர் மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்தபோது அந்தப் பள்ளிச் சிறுமிக்கு மூச்சிரைப்பு முற்றி, இதயம் நின்றது. அப்பா கண்டுபிடித்த முறைகள் எல்லாம் பிட்ஸ்பர்க்கில் தயாராக இருந்தன. இதயம் மீண்டும் துடித்தது. நுரையீரலும் வழிக்கு வந்தது. மூளை மட்டும் விழிக்கவில்லை. சில நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதே வருடம் நவம்பரில், பென்சில்வேனியா மாநிலத்தின் முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் பிட்ஸ்பர்க் தேர்தல் கூட்டமொன்றில் சரிந்து விழுந்தார். அவரை ஏற்றிப்போனது போலீஸ் வண்டி. அந்தக் காலத்தில் பல அமெரிக்க ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் போலீஸ் வேன், அல்லது சவ அடக்கம் செய்பவர்களின் கார். பின்னால் நோயாளியைப் படுக்கப்போட்டு, முன்னால் இருவர் உட்கார்ந்து ஓட்டிப்போவார்கள். லாரன்ஸுக்கும் இதயம் திரும்பியது. நினைவு திரும்பாமலேயே மூன்று வாரத்துக்குள் இறந்தார்.

அடுத்த வருடம் சஃபார் செய்ததைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பிட்ஸ்பர்க்கின் ஹில் பகுதி கறுப்பின மக்கள் வாழும் ஏழைப் பேட்டை. வேலை கிடைக்காமல் இருந்த அந்தப் பகுதி இளைஞர்களைச் சேர்த்து ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை உருவானது. அவர்களுக்கான 300 மணி நேரப் பயிற்சியை வகுத்தவர் சஃபார். உடற்கூறு படித்தார்கள், தியேட்டருக்கு வந்து மூச்சுக்குழாயில் டியூப் போடப் பழகினார்கள். அமெரிக்காவின் முதல் தரமான பாராமெடிக்குகளில் அவர்களும் அடக்கம். பின்னாளில் அந்த அணிக்கு மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலின்தான் நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதினார். 1975-ல் மாநகராட்சி சேவையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது; பழைய ஆட்களில் பெரும்பாலோர் ஓரங்கட்டப்பட்டார்கள். நிறம்தான் காரணம் என்று அவர்கள் சொன்னதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மகளின் மரணத்தைப் பற்றி சஃபார் அதிகம் பேசியவர் அல்ல. ஆனால் அதன்பின் அவர் எழுதியவற்றில் சி.பி.ஆர். என்ற மூன்றெழுத்துக்கு நடுவே இன்னொரு எழுத்து நுழைந்தது. இதயம், நுரையீரல் என்பதோடு மூளையையும் சேர்த்து ‘சி.பி.சி.ஆர்.’ என்றார். 1979-ல் அதற்கென்றே பிட்ஸ்பர்க்கில் ஓர் ஆய்வு மையம் திறந்தார்.

திரும்பி வந்த ரத்தம்

மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம். ஆக்சிஜனில் அது எடுத்துக்கொள்வது 20 சதவீதம். சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. இதயம் நின்ற பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு போகும். நான்கைந்து நிமிடத்தில் செல்களுக்குள் இருந்த சக்தி தீரும்.

ஆனால் ஆய்வாளர்களைக் குழப்பியது அதற்குப் பிறகு நடப்பது. ரத்த ஓட்டம் திரும்பியதும் சேதம் நின்றுவிட வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. திரும்பி வரும் ஆக்சிஜனே நச்சுத்தன்மை கொண்ட மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. செல்லுக்குள் கால்சியம் வெள்ளம்போல் புகுந்து உள்ளிருந்தே அரிக்கிறது. ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி நியூரான்கள் முதல் நாள் நன்றாகவே தெரியும், இரண்டு மூன்று நாள் கழித்து மடியும். 1982-ல் ஜப்பானிய ஆய்வாளர் கிரினோ இதை ஜெர்பில் எலிகளில் காட்டினார். செல்கள் தாமதமாகச் சாகின்றன என்றால், இடையில் தலையிட நேரம் இருக்கிறது என்று அர்த்தம். சஃபாரின் நம்பிக்கை முழுக்க அந்த இடைவெளியில்தான் இருந்தது.

முதல் ஆயுதம் அவருடைய சொந்தப் பெட்டியிலேயே இருந்தது: தயோபென்டால். நம் ஆபரேஷன் தியேட்டர்களில் பென்டோதால் என்று பழகிய பெயர். மூளையின் வேலையை மட்டுப்படுத்தி, அதன் பசியைக் குறைக்கும் மருந்து. 1978-ல் அவர் குழு குரங்குகளில் செய்த சோதனையில், ரத்த ஓட்டத்தை 16 நிமிடம் நிறுத்திவிட்டுப் பிறகு இதைக் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மனிதர்களிடம் பார்க்கப் பல நாடுகளின் மருத்துவமனைகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இதயம் திரும்பியும் நினைவு திரும்பாத 262 பேர். 1986-ல் முடிவு வந்தது: மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

அடுத்து லிடோஃப்ளாசின், கால்சியம் நுழைவதைத் தடுக்கும் மருந்து. 500-க்கும் மேற்பட்ட நோயாளிகள். 1991-ல் அதே பதில். இரண்டு தோல்விகளையும் அவர் குழுவே முதல்தரப் பத்திரிகையில் விரிவாக வெளியிட்டது. நினைவில்லாமல் கிடப்பவர்களிடம் இத்தனை கட்டுப்பாடான ஆய்வு செய்ய முடியும் என்பதே அப்போது புதிது. தன் மருந்து தோற்றதை நிரூபிக்க இவ்வளவு மெனக்கெடும் ஆய்வாளர்கள் அபூர்வம்.

குளிர் கொடுத்ததும் பறித்ததும்

உடம்பைக் குளிரவைத்தால் மூளை தாங்கும் என்பது பழைய எண்ணம். 1964-லேயே சஃபார் தன் சிகிச்சைப் படிநிலையில் அதை எழுதி வைத்திருந்தார். ஆனால் மிகவும் குளிர்வித்தால் இதயத் துடிப்பு தடுமாறும், ரத்தக்கசிவும் தொற்றும் வரும் என்பதால் கைவிட்டார்கள். எண்பதுகளின் இறுதியில் அவர் ஆய்வகத்து நாய்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: உடல் வெப்பம் கொஞ்சமே குறைந்திருந்தவை மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. 30 டிகிரி வரை போக வேண்டியதில்லை, 34 போதும்.

அவரிடம் வேலை கற்ற ஃப்ரிட்ஸ் ஸ்டெர்ஸ் வியன்னாவுக்குத் திரும்பிப்போய் மனித ஆய்வில் இறங்கினார். 2002-ல் ஐரோப்பிய ஆய்வு வெளியானது. 275 பேர், 32 முதல் 34 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நல்ல மூளைத் திறனோடு தேறினார்கள், மற்றவர்களில் 39 சதவீதம். ஆஸ்திரேலியாவிலிருந்தும் அதே இதழில் அதே திசையில் ஒரு முடிவு. கூடவே வந்த தலையங்கத்தை எழுதிய இருவர்: சஃபார், குழந்தைகள் தீவிர சிகிச்சை நிபுணர் பாட்ரிக் கொச்சனெக். பிட்ஸ்பர்க் மையத்துக்கு சஃபார் பெயரைச் சூட்டியபோது அதன் பொறுப்பை ஏற்றவர் கொச்சனெக். 2003 ஆகஸ்டில் புற்றுநோயால் சஃபார் இறந்தார். மூளையை மீட்கும் வழி ஒன்று கிடைத்துவிட்டது என்ற எண்ணத்தோடு அவர் போயிருக்கலாம்.

பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு இரக்கமாக இல்லை. 2013-ல் 939 பேரிடம் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டார்கள்: வித்தியாசம் இல்லை. 2021-ல் அதைவிடப் பெரிய ஆய்வு. காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்று சொல்லிவிட்டது. இதயம் நின்ற குழந்தைகளிடம் 2015-ல் நடந்த ஆய்விலும் குளிர்விப்பு உறுதியாக வெல்லவில்லை. தலைக்காயம் பட்ட குழந்தைகளிடம் 2008-ல் கனடா குழு பார்த்தது இன்னும் கவலைக்குரியது: குளிர்வித்தவர்களில் இறந்தவர்கள் 21 சதவீதம், மற்றவர்களில் 14.

பிறந்தபோதே மூச்சுத் திணறிய சிசுக்களுக்கு மட்டும் குளிர் கைகொடுத்தது. ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, 33.5 டிகிரியில் 72 மணி நேரம். பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை. அப்படியானால் நம் ஊருக்கும் பொருந்தும்தானே? அதைப் பார்க்கத்தான் ஹீலிக்ஸ் ஆய்வு நடந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் என்று மூன்று நாடுகளின் ஏழு மருத்துவமனைகள், 408 சிசுக்கள். சென்னை அரசு மருத்துவமனைகளும் அதில் இருந்தன. 2021-ல் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31 சதவீதம். நம் தாய்மார்களின் வயிற்றிலேயே, பிரசவத்துக்கு வெகு முன்பே பாதிப்பு தொடங்கிவிடுகிறதோ என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். லண்டன் தரவை வைத்துக்கொண்டு எழும்பூர் குழந்தைக்கு மருந்துச் சீட்டு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மிஞ்சியது

சஃபாரின் வாழ்க்கையை முழுதாகப் படித்துவிட்டுப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. மூளைக்கு மருந்து தேடி அவர் செலவழித்த வருடங்களைவிட, மூளையை அதிகம் காப்பாற்றியது அதற்கு முன்பே அவர் கையில் இருந்த வேலைதான்: வழியைத் திற, காற்றைக் கொடு, ரத்தத்தை ஓடவிடு, உடனே செய். தலைக்காயத்திலும் இதே கதை. கடும் தலைக்காயம் பட்ட 717 பேரின் விவரங்களை அலசி 1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே போயிருந்தாலும் இறப்பு இரட்டிப்பாக இருந்தது. அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மயக்க மருந்து டாக்டரின் தினசரிக் கடமை. பெயர் சொல்லிக் கொண்டாட அதில் எதுவும் இல்லை. கொச்சனெக் முன்னின்று தொகுத்த, குழந்தைகளின் தலைக்காயத்துக்கான 2019 வழிகாட்டியிலும் மூளையைக் குணமாக்கும் மந்திர மருந்து எதுவும் இடம்பெறவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் காலம் பின்னால் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. முன்பின் தெரியாதவர் வாயில் வாய் வைக்கத் தயக்கம் வந்ததாலும், பெரியவர்களுக்கு முதல் சில நிமிடங்களில் அழுத்துவது மட்டுமே ஓரளவு போதும் என்று தெரிந்ததாலும், ‘கையால் மட்டும்’ சி.பி.ஆர். பரவலாகிவிட்டது. பொது இடத்தில் விழும் பெரியவருக்குச் சரி. ஜப்பானில் 2005 முதல் 2007 வரை மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 5,170 பிள்ளைகளின் விவரங்களை அலசினார்கள். பத்தில் ஏழு பேருக்குக் காரணம் இதயத்தில் இல்லை. அந்தப் பிள்ளைகளில் அழுத்தி, ஊதியும் விடப்பட்டவர்களில் 7.2 சதவீதம் பேர் நல்ல மூளையோடு தேறினார்கள். அழுத்த மட்டும் செய்யப்பட்டவர்களில் 1.6 சதவீதம்.

அதனால் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ சி.பி.ஆர். வகுப்பு என்று யாராவது அழைத்தால், வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்: சிறு பிள்ளைக்கு ஊதவும் சொல்லித்தருவீர்களா? முப்பது முறை அழுத்தி இரண்டு முறை ஊதுவது தனி ஆளுக்கு. பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் பதினைந்துக்கு இரண்டு. கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும், கன்னத்தில் உள்ள காற்றைக்கொண்டே ஊத வேண்டும். பொம்மை இல்லாமல் இது வராது. வகுப்பில் குழந்தைப் பொம்மை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.